ராத்தல் ஒரு ஷில்லிங்

கிழக்கு லண்டனில் லீ ஆற்றை ஒட்டி ஹாக்னி விக் என்ற பகுதி இருக்கிறது. 1866-ஆம் ஆண்டு அங்கே பார்க்கசைன் கம்பெனி என்ற சிறிய தொழிற்சாலை தொடங்கப்பட்டது. சீப்பு, பொத்தான், கத்திப்பிடி, சிறு பெட்டி போன்றவற்றை அதுவரை யாரும் தொழிற்சாலை அளவில் கையாளாத ஒரு பொருளில் செய்து விற்க முனைந்தது. 1868-இல் அது மூடப்பட்டது. ஆயுள் மொத்தம் இரண்டு ஆண்டுகள்தான். ஆனாலும் பிளாஸ்டிக் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கம்பெனியைத் தாண்டிப் போக முடிவதில்லை. தொழிற்சாலை இருந்த இடத்தருகே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். 2026-இல் அது தொடங்கி 160 ஆண்டுகள்.

நெடுங்காலம் நிலைத்த நிறுவனங்களுக்குத்தான் நாம் வழக்கமாக ஆண்டு விழா எடுக்கிறோம். வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு மலர் எல்லாமே தாக்குப்பிடித்தவர்களுக்கான மரியாதை. அப்படிப்பட்ட மலர்களில் தொடக்கக் காலக் கஷ்டம் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். பிறகு வளர்ச்சி, விரிவாக்கம், விருது என்று போகும். விழுந்து போன கம்பெனிக்கு மலர் போட ஆள் கிடையாது. ஆனால் ஒரு தொழிலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, வென்றவரின் மலரை விடத் தோற்றவரின் கணக்குப் புத்தகமே பயன்படும். பார்க்கசைன் கம்பெனி ஏன் தோற்றது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், பிளாஸ்டிக்கைப் பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் இரண்டு மூன்று கூற்றுகள் சரியில்லை என்பது தெரியவரும்.

முதலில் அந்த மனிதர். அலெக்சாண்டர் பார்க்ஸ் 1813 டிசம்பரில் பர்மிங்ஹாமில் பிறந்தார். அப்பா பித்தளைப் பூட்டுத் தொழில் செய்தவர். மகனும் உலோக வார்ப்படத் தொழிலில் பயிற்சி பெற்று, பிறகு எல்கிங்டன் சகோதரர்களின் மின்முலாம் பூசும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1841-இல் எடுத்த முதல் காப்புரிமையே மென்மையான கலைப்பொருள்களுக்கு முலாம் பூசும் முறைக்குத்தான். ஒரு சிலந்தி வலைக்கு வெள்ளி முலாம் பூசி விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசருக்குக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. சூடு இல்லாமலேயே ரப்பரைப் பதப்படுத்தும் முறை ஒன்றை 1846-இல் கண்டுபிடித்தார். உருக்கிய ஈயத்தில் துத்தநாகத்தைச் சேர்த்தால் அதிலுள்ள வெள்ளி துத்தநாகத்தோடு பிரிந்து வந்துவிடும் என்று 1850-இல் காட்டினார். அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். ஆக, பிளாஸ்டிக் அவருக்குத் தற்செயலாகக் கைகூடிய ஒன்றல்ல. உலோகம், ரப்பர், கரைப்பான், உருளை, அச்சு எல்லாவற்றையும் கையால் தொட்டு அறிந்த ஒருவர் திட்டமிட்டு அதில் இறங்கினார்.

அவர் கையில் எடுத்த மூலப்பொருள் பஞ்சு. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் என்றாலே பெட்ரோலியத்தில் பிறந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1846-இல் பேசல் நகர வேதியியலாளர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்து எடுத்தால் அது பார்வைக்குப் பஞ்சாகவே இருந்தாலும் பற்றவைத்ததும் புகையில்லாமல் சீறி எரியும் என்று கண்டார். அதுதான் வெடிபஞ்சு. பஞ்சின் உடலான செல்லுலோஸில் நைட்ரேட் குழுக்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு ஒட்டுகின்றன என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நைட்ரஜன் 13 விழுக்காட்டை நெருங்கினால் அது வெடிமருந்து. 11 விழுக்காட்டை ஒட்டி நிறுத்திக்கொண்டால் வெடிக்கும் வேகம் குறைகிறது. சில திரவங்களில் கரைந்து பாகு போலாகிறது. அந்தப் பாகுக்குக் கொலோடியன் என்று பெயர். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசிப் புகைப்படம் எடுக்கும் முறை 1851 முதல் பரவியது. திரவம் ஆவியாகிப் போனதும் எஞ்சும் படலம் கொம்பு போல இறுகிக் கிடப்பதைப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த மிச்சத்தையே ஒரு பண்டமாக்கலாம் என்று நினைத்தவர் பார்க்ஸ். 1850-களின் நடுவிலேயே இதற்கான காப்புரிமைகளை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

ஆபத்து அவருக்குத் தெரியாததல்ல. 1847-இல் கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷாமில் வெடிபஞ்சுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சுமார் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பிரிட்டனில் வெடிபஞ்சு செய்வதையே பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருளைத்தான் பார்க்ஸ் சீப்பாகவும் பொத்தானாகவும் மாற்ற முயன்றார்.

1862-இல் லண்டன் தெற்குக் கென்சிங்டனில் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. இன்றைய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நிற்கும் இடம் அது. அங்கே தன் பெயரையே சூட்டி பார்க்கசைன் என்ற பொருளை அவர் வைத்தார். பதக்கங்கள், தலைமுடி ஊசிகள், பொத்தான்கள், சீப்புகள், பேனாப் பிடிகள். தந்தம் போல வெள்ளையாகவும், ஆமை ஓடு போலப் புள்ளி படிந்தும், பளிங்கு போல வரியோடியும், கண்ணைப் பறிக்கும் சிவப்பிலும் நீலத்திலும். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பொருளின் தரத்திற்காகக் கிடைத்த பதக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே ஒரு தெளிவு தேவைப்படுகிறது. இதை உலகின் முதல் பிளாஸ்டிக் என்று சொல்லலாமா? சூட்டில் இளகி அச்சில் உருவெடுக்கும் பொருள்கள் அதற்கு முன்பும் இருந்தன. அரக்கை மரத்தூளோடு கலந்து அழுத்திப் புகைப்படப் பேழைகள் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் சாமுவேல் பெக் 1854-இல் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை நிறையச் சேர்த்துக் கெட்டியாக்கிய கருப்பு ரப்பர் 1840-களிலேயே வந்துவிட்டது. மலேயாக் காடுகளின் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது. ஆக, ‘முதல்’ என்பது எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. இயற்கையில் கிடைக்கும் ஒரு நாரை வேதியியலால் மாற்றி, எந்த நிறமும் ஏற்கக்கூடிய, வார்க்கவும் செதுக்கவும் கூடிய புதுப் பண்டமாக்கி, அதை விற்பதற்கென்றே கம்பெனி தொடங்கியதில் பார்க்ஸ் முதல்வர் என்றால் அது நியாயமான கூற்று. முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் கட்டமைத்த முதல் பிளாஸ்டிக், பேக்லைட். லியோ பேக்லண்ட் அதை உருவாக்கியது 1907-இல். இரண்டும் வெவ்வேறு சாதனைகள். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

இனி, கம்பெனிக்கு வருவோம். 1865 டிசம்பரில் லண்டன் கலைச் சங்கத்தில் பார்க்ஸ் தன் பொருளைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். தந்திக் கம்பிக்கு உறையாகப் பயன்படும் என்பது அவருடைய பெரிய நம்பிக்கைகளில் ஒன்று. அட்லாண்டிக் கடலடித் தந்தியைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டிலேயே கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் அந்தத் தந்தியை வெற்றிகரமாகப் போட்டு முடித்தது. கட்டாபெர்ச்சாவுக்கு மாற்றாக ஒரு பொருளைச் சொல்லி முதலீட்டாளர்களை ஈர்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. அதோடு அவர் ஒரு விலையையும் சொன்னார். ராத்தல் ஒரு ஷில்லிங். அதாவது சுமார் 450 கிராம் பார்க்கசைன், ஒரு பவுண்டில் இருபதில் ஒரு பங்குக்கு.

என் பார்வையில் கம்பெனியின் தலைவிதி அந்த விலையில் முடிவாகிவிட்டது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பண்டம் எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

அமிலத்தில் தோய்த்த பஞ்சை முதலில் நன்றாக அலச வேண்டும். அமிலம் கொஞ்சம் தங்கினாலும் பிற்காலத்தில் பொருள் உள்ளுக்குள்ளேயே அரித்துக் கெட்டுப்போகும். பிறகு அதை மர நாப்தா, நைட்ரோபென்சீன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்துக் கூழாக்க வேண்டும். இழுவையும் இளக்கமும் வரட்டும் என்று ஆமணக்கெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் சேரும், வண்ணம் சேரும். ரப்பர் ஆலையில் செய்வது போலவே சூடான உருளைகளுக்கு நடுவே அந்தக் கூழைத் திரும்பத் திரும்பப் பிசைந்து, பிழிந்து, மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, அச்சில் அழுத்தி எடுக்க வேண்டும். இதுவரையான வேலையைக் கூலியும் இயந்திரமும் இருந்தால் விரைவாக முடித்துவிடலாம். அடுத்த கட்டம் அப்படியல்ல. உள்ளே இருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். மெல்லிய தகடு சீக்கிரம் உலரும். கனத்த கத்திப்பிடியோ மேலே இறுகிவிட்ட பின்னும் உள்ளே ஈரமாகவே இருக்கும். உள்ளேயிருந்த திரவம் பிற்பாடு மெல்ல மெல்ல வெளியேறும்போது பொருள் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருங்காது. அவசரத்தில் வெயிலில் போட்டு எடுத்த அப்பளம் ஓரம் சுருண்டு நடுவில் கூன் விழுந்து கிடப்பது போல, சீப்பு வளைந்துவிடும்.

ராத்தல் ஒரு ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்ட பிறகு அந்தக் காத்திருப்புக்குக் கணக்கில் இடமில்லை. நல்ல பஞ்சுக்குப் பதில் ஆலைக் கழிவுப் பஞ்சு வந்தது. கரைப்பான்களிலும் மலிவானவற்றைத் தேடினார்கள். உலரும் நேரம் குறைந்தது. கடைக்குப் போன சீப்புகள் சில வாரங்களிலேயே முறுக்கிக்கொண்டன என்றும், பயன்படுத்த முடியாதபடி கோணிப்போயின என்றும் புகார்கள் வந்தன. 1862-இல் கண்காட்சிக் கூடத்தில் நடுவர்கள் கையில் எடுத்துப் பார்த்த பொருளும், 1867-இல் கடையில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பொருளும் பெயரளவில்தான் ஒன்று. முன்னது ஒருவர் நேரம் செலவழித்து உலரவைத்துச் செதுக்கி மெருகேற்றியது. பின்னதற்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

பார்க்ஸ் மேதை, ஆனால் வியாபாரம் தெரியாதவர் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவது வழக்கமாகிவிட்டது. இது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. வெள்ளிப் பிரிப்பு முறையையும் ரப்பர் முறையையும் காசாக்கத் தெரிந்தவர் அவர். விலையைக் குறைத்தால்தான் புதுப் பொருள் பழைய பொருளைத் தள்ளிவிட்டுச் சந்தைக்குள் நுழையும் என்பது வியாபாரம் தெரிந்தவர் போடும் கணக்குத்தான். அவர் சறுக்கியது வரிசையில். முறை கைக்கு வந்து, விளைபொருள் ஆறு மாதமோ ஒரு வருடமோ நிலைக்கிறது என்று உறுதியான பிறகு சொல்ல வேண்டிய விலையை, முதலீடு திரட்டும்போதே சொல்லிவிட்டார். சொன்ன விலையைக் காப்பாற்றப் பண்டத்தைக் கெடுத்தார்கள். மலிவு என்பது அந்தப் பண்டத்தின் இயல்பு அல்ல. அதற்கு முன்கூட்டியே விதிக்கப்பட்ட நிபந்தனை அது.

பிளாஸ்டிக் என்றால் மட்டமானது, இரண்டு நாளைக்கு வருவது, தூக்கி எறிவதற்கென்றே செய்தது என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தைக் காட்டுவார்கள். பாலித்தீனும் பாலிஸ்டைரீனும் கொட்டிக் குவிந்த காலம் அது என்பது உண்மைதான். ஆனால் பொருளைவிட விலையை முன்னால் நிறுத்தும் பழக்கம் தொழிலின் முதல் கம்பெனியிலேயே இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு சரியாக இருக்கும்.

ஹாக்னி விக்கில் தொழிற்சாலை மேலாளராக இருந்தவர் டேனியல் ஸ்பில். மழை புகாத துணி செய்யும் அவருடைய அண்ணன் ஜார்ஜின் தொழிலும் அதே பகுதியில்தான் இருந்தது. கம்பெனி மூழ்கிய பிறகு ஸ்பில் அதன் மிச்சத்தை எடுத்துக்கொண்டு 1869-இல் சைலனைட் கம்பெனி என்று வேறொன்றைத் தொடங்கினார். 1874-இல் அதுவும் விழுந்தது. பிறகு ஹோமர்ட்டனில் தன் பெயரிலேயே சிறு பட்டறை. 1877-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மெரியம் குடும்பத்தாரின் பணமும் நிர்வாகமும் சேர்ந்து பிரிட்டிஷ் சைலனைட் கம்பெனி உருவானது. இதுவும் முதல் சில ஆண்டுகள் தள்ளாடத்தான் செய்தது.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் பாதிதான் சரியாகத் தெரியும். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தம் கிடைப்பது அரிதாகிறது, மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று நியூயார்க்கின் ஒரு நிறுவனம் 1863-இல் அறிவித்தது. ஆல்பனியில் அச்சுத் தொழிலாளியாக இருந்த ஜான் வெஸ்லி ஹையட் அதற்காகவே ஆராய்ச்சியில் இறங்கினார். பரிசுத்தொகை அவருக்குக் கொடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் 1870-இல் அவரும் அண்ணன் ஐசையாவும் பெற்ற காப்புரிமை, பார்க்ஸை வீழ்த்திய அதே சிக்கலைத் தீர்த்தது.

தீர்வு, கற்பூரம். நம் வீட்டுப் பூஜைத் தட்டில் இருக்கும் அதே கற்பூரம்தான். அன்றைய உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் தைவான், ஜப்பான் காட்டு மரங்களிலிருந்து வந்தது. பார்க்ஸும் தன்னுடைய 1865-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் கற்பூரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அவருக்கு அது திரவக் கரைப்பானோடு சேர்க்கும் துணைப்பொருள். ஹையட் சகோதரர்கள் அதையே தலைமைப் பொருளாக்கினார்கள். நைட்ரேட் ஏறிய பஞ்சுக்கூழையும் கற்பூரத்தையும் ஒன்றாக அரைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்தால் கற்பூரம் உருகி நாருக்குள் ஊடுருவிப் பரவிவிடுகிறது. ஆறியதும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியேற வேண்டிய திரவம் மிகக் குறைவு. ஆகவே சுருங்குவதும் முறுக்கிக்கொள்வதும் குறைவு. இப்படிக் கிடைத்த பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் செல்லுலாய்ட். 1872-இல் ஹையட் ஒரு இயந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றார். இளகிய செல்லுலாய்டை உருளைக்குள் சூடாக்கி, உந்துதண்டால் அச்சுக்குள் தள்ளும் இயந்திரம். இன்று எந்த ஊர்த் தொழிற்பேட்டையில் நுழைந்தாலும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அவை எல்லாவற்றுக்கும் மூதாதை அதுதான்.

ஸ்பில் சும்மா இருக்கவில்லை. கற்பூரமும் சாராயமும் கலந்த கரைப்பானுக்குத் தன்னிடம் காப்புரிமை இருக்கிறது என்று 1877-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் செல்லுலாய்ட் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1880-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1884-இல் அதே நீதிபதி பிளாட்ச்ஃபோர்ட் தன் முந்தைய முடிவை மாற்றினார். கற்பூரத்தின் பயனை முன்பே வெளிப்படுத்தியவர் பார்க்ஸ். ஆகவே அது யாருக்கும் தனியுரிமை அல்ல, எல்லோரும் பயன்படுத்தலாம். ஸ்பில் 1887-இல் இறந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் கம்பெனியை இழந்த பார்க்ஸுக்கு, தான்தான் முன்னவர் என்ற அங்கீகாரம் இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில், தான் தொடுக்காத ஒரு வழக்கில் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. 1890 ஜூனில் லண்டனில் காலமானார்.

பிரிட்டிஷ் சைலனைட் கம்பெனி பிழைத்ததற்குக் காரணம் சீப்பு அல்ல, சட்டைக் காலர். 1880-களில் கழற்றி மாட்டும் வெள்ளைக் காலரும் மணிக்கட்டுப் பட்டையும் எழுத்தர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் கட்டாய உடையாக இருந்தன. துணிக் காலரைத் தினமும் வெளுத்துக் கஞ்சி போட வேண்டும். சைலனைட் காலரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குறைந்த சம்பளத்தில் மதிப்பான தோற்றம் காட்ட வேண்டியிருந்தவர்களுக்கு அது உண்மையாகவே உதவியது. காலர் மெல்லிய தகடு என்பதையும் கவனியுங்கள். மெல்லிய தகடு நன்றாக உலரும், கோணாது. பண்டத்தின் குணத்துக்கு ஏற்ற பயன்பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் கம்பெனி காலூன்றியது. தந்திக் கம்பி, கத்திப்பிடி என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போன முதல் கம்பெனிக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை.

பற்றியெரியும் பண்டத்தை லண்டன் வீடுகளுக்கு நடுவே வைத்திருப்பது நெடுநாள் சரிவராது. 1887-இல் கம்பெனி சஃபோக் மாவட்டத்தில் ஸ்டோர் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய பிரான்தம் என்ற கிராமத்துக்கு உற்பத்தியை மாற்றியது. வயல்வெளிக்கு நடுவே தொழிற்சாலை வந்தது; தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு வரிசைகள் கட்டப்பட்டன; அதே ஆண்டில் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கால்பந்துக் குழு பிரான்தம் அத்லெடிக் என்ற பெயரில் இன்றும் ஆடுகிறது. லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் ஹேல் எண்ட் பகுதியில் 1897-இல் இன்னொரு ஆலை எழுந்தது. அங்கே செய்த பொருள்களுக்கு ஹேலெக்ஸ் என்று பெயர். ஹேலெக்ஸ் பல்துலக்கிகளையும் மேசைப்பந்தாட்டப் பந்துகளையும் உலகம் முழுதும் விற்றார்கள்.

கம்பெனியின் வணிகச் சின்னத்தில் ஒரு யானையும் ஒரு ஆமையும் சேர்ந்து நடந்து போகும். எங்கள் பொருள் தந்தத்துக்கும் ஆமை ஓட்டுக்கும் மாற்று. எங்களால் இவை பிழைத்தன என்பது அதன் பொருள். பிளாஸ்டிக் யானைகளைக் காப்பாற்றியது என்று இன்றும் பலர் எழுதுவதற்கு மூலம் இத்தகைய விளம்பரங்கள்தான். உண்மை அவ்வளவு நேரானதல்ல. செல்லுலாய்ட் பந்து தந்தப் பந்தின் துள்ளலை எட்டவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் தந்தத்தையே கேட்டார்கள். பியானோக் கட்டைகளுக்காக ஆப்பிரிக்கத் தந்தம் இருபதாம் நூற்றாண்டிலும் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. தந்தச் சீப்பு வாங்க முடியாமலிருந்த பெருந்திரளான மக்களுக்குச் சீப்பு கிடைத்தது என்பதுதான் நடந்தது. அது சிறிய விஷயமல்ல. அதைச் சொன்னாலே போதும். யானையைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

பார்க்கசைனின் வழித்தோன்றல் நம் ஊருக்கும் வந்தது, சினிமாச் சுருளாக. 1889 முதல் ஈஸ்ட்மேன் கம்பெனி விற்ற ஒளிபுகும் படச்சுருளும் நைட்ரேட் ஏறிய செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்ததே. 1950-களின் தொடக்கம்வரை திரைப்படத் துறை அதைத்தான் பயன்படுத்தியது. சுலபத்தில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நைட்ரிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே பிசுபிசுத்துத் தூளாகும். சென்னை போன்ற ஊரின் காற்றில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடராஜ முதலியாரின் கீசக வதமும், 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸும் இன்று பிரதியே இல்லாமல் போனதற்குக் கவனமின்மை ஒரு காரணம் என்றால், சுருளின் வேதியியல் இன்னொரு காரணம்.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பார்க்கசைன் துண்டுகளுக்கும் இதே நோய் உண்டு. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் உள்ளிட்ட சில இடங்களில் அவற்றைக் காணலாம். கெடத் தொடங்கிய துண்டு வெளிவிடும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். அருகிலுள்ள நல்ல துண்டையும் கெடுக்கும். ஆகவே இவற்றைக் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும், பிற பொருள்களிலிருந்து தள்ளியும் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் அழியாது என்பது இன்னொரு பொதுநம்பிக்கை. இன்றைய பாலித்தீனைப் பற்றி அப்படி அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான பொருள்களின் குடும்பம். அதன் மூத்த உறுப்பினரை அழியாமல் வைத்திருப்பதற்கே ஆள் போட்டுப் பாடுபடுகிறார்கள்.

இனி, எந்த ஆண்டைக் கொண்டாடுவது என்ற கேள்வி. பிரிட்டிஷ் பிளாஸ்டிக் துறையினர் 1862-ஐ எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக்கின் முதல் நூற்றாண்டு என்ற தலைப்பில் காஃப்மன் எழுதிய வரலாறு 1963-இல் வந்தது. அதுவும் பார்க்ஸின் கண்காட்சியிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. அமெரிக்கர்களுக்கு ஹையட்டின் 1870. வேதியியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு பேக்லண்டின் 1907. கண்காட்சி ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் பதக்கம் தெரிகிறது. கம்பெனி தொடங்கிய ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் தொழிற்சாலையும் கடையும் வாடிக்கையாளரின் புகாரும் தெரிகின்றன. ஆகவே ஆண்டு விழா என்று ஒன்று எடுத்தால் அதை 1866-இலிருந்து எண்ண வேண்டும், 1868-ஐ மறைக்காமல் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. பிளாஸ்டிக் நல்லதா கெட்டதா என்று தீவிரமாக வாதிடும் இரு தரப்புக்கும் அந்த இரண்டு ஆண்டுகள் சொல்வதற்குச் செய்தி இருக்கிறது. ஒரு பண்டத்தின் குணம் அதன் மூலக்கூறில் மட்டும் இல்லை. அதைச் செய்கிறவர் எவ்வளவு நேரம் கொடுக்கிறார், வாங்குகிறவர் எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பதிலும் இருக்கிறது.

செல்லுலாய்டை அன்றாடப் பயன்பாட்டில் கடைசிவரை விடாமல் வைத்திருந்தவற்றில் ஒன்று மேசைப்பந்தாட்டப் பந்து. தீப்பற்றும் பண்டம் என்பதால் கப்பலிலும் விமானத்திலும் அனுப்புவது தொல்லையாகி, 2014 ஜூலையிலிருந்து பெரிய சர்வதேசப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக்கில் செய்த பந்துக்கு மாறினார்கள். அதற்கு முன்புவரை ஆடப்பட்ட பந்தை எரித்தால் கற்பூர வாசனை வரும். அதைச் செய்கிற ஆலைகளில் தகட்டை வட்டமாக வெட்டி, வெந்நீரில் இளக்கி அரைக்கோளமாக அழுத்தி, இரண்டு பாதிகளை ஒட்டி, பிறகு கரைப்பான் முழுவதும் போய் உருண்டை நிலைப்படும்வரை பல வாரங்கள் உலரவிட்டார்கள். அதன் பிறகுதான் துள்ளலையும் உருண்டையையும் சோதித்துத் தரம் பிரித்து, மூன்று நட்சத்திர முத்திரை குத்தினார்கள். இயந்திரங்கள் எவ்வளவோ வேகமாகிவிட்ட பிறகும் அந்த உலரும் காலத்தைக் குறைக்க முடியவில்லை.